பீரங்கி அக்கா எடுத்த ஆம்புலன்ஸ்

"அது என் அக்கா இல்ல! அந்த நாய்தான் அவ பேர்ல உட்கார்ந்து ஆடிக்கிட்டிருக்கான்!"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தவள் கையிலிருந்த போனை மேஜை மேல் ஓங்கி வைத்தாள். தண்ணீர் டம்ளர் குலுங்கி, பாதித் தண்ணீர் ஃபைல் மேல் கொட்டியது.

"பரவாயில்லீங்க, அந்த ஃபைல் ரொம்ப நாளா காய்ஞ்சுதான் கிடந்துச்சு" என்றான் ரேடியோ, துணியைத் தேடியபடி.

ரேடியோவுக்கு நாற்பது வயது. ஒரு காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர் அது. அவன் உதவியாளனாக இருந்தது ஸ்டெனோவிடம். இருபத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிவிட்டு, ஒருநாள் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். வேலையை விட்டாலும் பெயர் அவரை விடவில்லை.

"உட்காரும்மா" என்றார் ஸ்டெனோ.

"உட்கார நேரமில்ல மேடம். மணி பதினொண்ணே முக்கால். பன்னெண்டுக்கு அவன் ஆட்டத்துக்கு வந்துடுவான்."

"யாரு?"

"அக்கா புருஷன்."

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். தேய்க்கிற மெஷினின் மாவு விரல் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அக்காவைக் காணோம். இன்றோடு எட்டு நாள். கேட்டால், மனசு சரியில்லை, ஓய்வு இல்லத்தில் விட்டிருக்கிறேன், யாரிடமும் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்கிறான் புருஷன். எந்த இல்லம், எந்த டாக்டர் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறான். அக்கா வேலை பார்த்த ஃபேக்டரியில் போன மாதம் ஒரு விபத்து. ஒரு தொழிலாளி செத்துப்போனார். அந்த விசாரணைக்கு இன்று கடைசி நாள். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்துவிடுவார்கள். அக்காதான் முக்கியமான சாட்சி. புருஷன்தான் அங்கே மானேஜர்.

"போலீஸ்?" என்றான் ரேடியோ.

"போனேன். உங்க அக்கா தினமும் மத்தியானம் கேம் ஆடுறாங்கன்னு நீங்களே சொல்றீங்க, காணாம போனவங்க கேம் ஆடுவாங்களாம்மான்னு கேட்டு சிரிச்சாங்க." அவள் குரல் உடைந்தது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். "சிரிச்சாங்க மேடம்!"

ஸ்டெனோவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த பென்சிலின் முனை மட்டும் காகிதத்தில் அழுந்தி முறிந்தது. 'சாட்சி ஆஜராகவில்லை.' இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. ஏன் ஆஜராகவில்லை என்று ஒருநாளும் யாரும் எழுதச் சொன்னதில்லை.

"என்ன விளையாட்டு?"

"ராணுவ விளையாட்டு மேடம். சுடறது. அஞ்சு பேர் ஒரு டீம். நானும் அக்காவும் ஆறு வருஷமா சேர்ந்துதான் ஆடுறோம். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தருவாங்க. அதுக்குள்ள அவங்கவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கணும். துப்பாக்கி, உடுப்பு, முகத்துக்கு ஒண்ணு, கூட ஒரு சாமான், கடைசியா வண்டி. அஞ்சு கட்டம். லோட்அவுட்னு சொல்வோம். யார் என்ன எடுத்தாங்கன்னு டீம்ல எல்லாருக்கும் தெரியும்."

"பெட்டி கட்டற வேலை" என்றான் ரேடியோ. "எங்க வீட்ல அதுக்கு மூணு நாள் ஆகும். அதுலயும் குடையை மறந்துடுவாங்க."

"உங்க அக்கா வழக்கமா என்ன எடுப்பாங்க?" ஸ்டெனோ அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"டேங்க். வேற பேச்சே கிடையாது. டேங்க் கிடைக்கலன்னா ஆட்டமே வேண்டாம்னு போயிடுவா. அதனாலதான் டீம்ல எல்லாரும் பீரங்கி அக்கான்னு கூப்பிடுவாங்க. இப்ப எட்டு நாளா என்ன எடுக்கறான் தெரியுமா? ஆம்புலன்ஸ்! சண்டைக்கு யாராவது ஆம்புலன்ஸ் எடுப்பாங்களா? நாங்க ஆடறது பாலைவனம். அதுல பனிமலைக்குப் போடற வெள்ளை உடுப்பு. ஒரு மைல் தூரத்துல இருந்தே சுட்டுடலாம். முகத்துக்கு வாயுக் கவசம். அந்த இடத்துல விஷவாயுவே கிடையாது. சாமானுக்குக் கயிறு ஏணி. ஏறறதுக்கு அங்க ஒரு குட்டிச்சுவர்கூட இல்ல. துப்பாக்கிக் கட்டம் காலி. மைக் ஆஃப். எது எழுதினாலும் பதில் வராது. முதல் அஞ்சாறு நாள் அக்காதான்னு நெனச்சு, ஏண்டி இப்படி மானத்தை வாங்கறேன்னு கன்னாபின்னான்னு திட்டி எழுதினேன். அப்புறம்தான் புரிஞ்சுது. ஆடத் தெரியாதவன் எவனோ ஆடறான். அவ உயிரோட இருக்கான்னு காட்டறதுக்காக ஆடறான்!"

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் சொன்ன வாக்கியத்தின் மறுபக்கம் அப்போதுதான் அவளுக்கே கேட்டது.

ரேடியோ போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"பன்னெண்டு ஆகுது" என்றார் ஸ்டெனோ. "நீ ஆடு. நாங்க பார்க்கறோம்."

போனில் ஐந்து பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்றாவது பெயர் பீரங்கி. மேலே அறுபது வினாடி குறையத் தொடங்கியது.

"பாருங்க, பாருங்க! வெள்ளை உடுப்பு!"

பீரங்கியின் உடுப்புக் கட்டத்தில் பனி உடுப்பு வந்தது. மறு வினாடி மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. மூன்றாவது தடவை வந்து நிலைத்தது. அடுத்துக் கவசம். அதுவும் மூன்று தடவை. பிறகு ஏணி. பிறகு ஆம்புலன்ஸ். துப்பாக்கிக் கட்டத்தில் கை படவேயில்லை.

"தினமும் இப்படித்தானா? எடுத்து வெச்சு, எடுத்து வெச்சு?" என்றார் ஸ்டெனோ.

"ஆமா. எது எங்க இருக்குன்னே தெரியாத தடுமாற்றம்."

"தடுமாறறவன் மூணு தடவையும் ஒரே இடத்துலயா மேடம் தடுமாறுவான்?" என்றான் ரேடியோ, மெதுவாக.

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் மணல்வெளியில் வெள்ளை ஆம்புலன்ஸ் தனியாக ஓடியது. இரண்டே நிமிஷத்தில் எதிரி டேங்க் ஒன்று அதைத் துரத்தத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் இரண்டு பாறைகளுக்கு நடுவே புகுந்தது. ஒரு வண்டி மட்டுமே நுழைகிற இடைவெளிதான். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் சட்டென்று நின்று, பின்பக்கமாகவே முழு வேகத்தில் அரை வட்டம் அடித்துத் திரும்பியது. பாறை மேலேறித் துரத்தி வந்த டேங்க் பிடிமானம் தவறிக் கீழே இருந்த பள்ளத்தில் குப்புற விழுந்தது.

தங்கையின் கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ அவளைச் சுட்டார்கள். திரை சிவந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அது... அந்தத் திருப்பம்... அது அக்காவோடது. அதைக் கத்துக்க ஆறு வருஷமா பார்க்கறேன், எனக்கு வரல. எடுக்கறதைப் பார்த்தே கடுப்பாகி, ஓட்டறதை நான் கவனிக்கவேயில்ல." அவள் ஸ்டெனோவைப் பார்த்தாள். "மேடம், அது அக்காதான்!"

"அக்காதான்" என்றார் ஸ்டெனோ. எழுந்து நின்றார். "எடுக்கறது ஒண்ணும் தெரியாதவ மாதிரி. ஓட்டறது கில்லாடி மாதிரி. ரெண்டும் ஒரே ஆளுன்னா, எடுக்கறத வேணும்னே எடுக்கறான்னு அர்த்தம். பக்கத்துல ஒருத்தன் நிக்கறான். மைக்கை அணைச்சுட்டான். எழுத விடறதில்ல. வாயையும் கையையும் கட்டியாச்சுன்னு நினைக்கறான். இந்த ஆட்டத்தை ஒருநாள்கூட மதிச்சுப் பார்த்திருந்தா, ஆயுதம் எடுக்கறதும் நாலு பேர் கண்ணுல படற பேச்சுதான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். பொம்பளை பொம்மை வெச்சு விளையாடறான்னு நெனச்சிருக்கான்." குரல் உயரவில்லை. ஆனால் ரேடியோ அனிச்சையாக ஓர் அடி பின்வாங்கினான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். "துப்பாக்கி காலி. என் கையில ஒண்ணும் இல்லன்னு சொல்றா. ஆம்புலன்ஸ். எனக்கு அடிபட்டிருக்குன்னு சொல்றா. பனி, விஷவாயு. அது இடம். உங்க அக்கா வேலை பார்த்தது என்ன ஃபேக்டரி?"

தங்கையின் உதடுகள் வெளுத்தன.

"ஐஸ் ஃபேக்டரி. அமோனியா குழாய் வெடிச்சுதான் அந்த ஆள் செத்தாரு."

"இப்ப அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல. அன்னிக்கே சீல் வெச்சுட்டாங்க."

"சீல் வெச்ச இடத்தை விட வசதியான இடம் எது?" என்றான் ரேடியோ. சாவிக்கொத்து ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. "யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. எட்டிப் பார்த்தா குத்தம்."

வழியிலேயே ஸ்டேஷனுக்கு போன் போட்டார் ஸ்டெனோ. சீல் வைத்த இடத்தில் ஆள் எப்படி இருக்க முடியும் என்று அந்தப் பக்கம் கேட்டது. "வந்து பார்த்துட்டுச் சிரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு ஃபேக்டரி வாசலில் நின்றார்கள். இரும்பு கேட்டில் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கம் போனார்கள். ஐஸ் பாளங்களைச் சறுக்கி வண்டியில் ஏற்றுகிற சின்னக் கதவு. அதற்கு முத்திரை கிடையாது. பூட்டு மட்டும். கதவு துருப்பிடித்துக் கிடந்தது, பூட்டு பளபளத்தது. கீழே மண்ணில் புது டயர் தடம்.

"கதவுக்கு வயசு அம்பது, பூட்டுக்கு எட்டு நாள்" என்றான் ரேடியோ. கடப்பாரையை நுழைத்து இரண்டு தடவை நெம்பினான். மூன்றாவது தடவைக்குப் பூட்டு காத்திருக்கவில்லை.

உள்ளே காலடி வைத்ததும் கண் எரிந்தது. ஒரு மாதம் ஆகியும் அந்தக் காரமான வாடை சுவரை விட்டுப் போகவில்லை. பெரிய கூடம். தரையில் வரிசையாக உப்புநீர்த் தொட்டிகள், பலகை மூடிகள். ஓரத்தில் யானை போல ஒரு கம்ப்ரஸர்.

"அக்கா!" தங்கை கத்தினாள். எதிரொலிதான் திரும்பி வந்தது.

ஆபீஸ் அறை காலி. குளிர் அறை காலி. துணி மாற்றும் அறையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அது ஆண் செருப்பு. தொட்டி மூடிகளைக்கூட ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாயிற்று. அரைமணி நேரம் போய்விட்டது. யாரும் இல்லை.

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தூக்கிட்டுப் போயிட்டான். நாம வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டான்."

ஸ்டெனோ கம்ப்ரஸரின் மேல் கையை ஓங்கிக் குத்தினார். "பன்னெண்டரை வரைக்கும் ஆடியிருக்கா. மூணு மணிக்கு அவன் விசாரணையில இருக்கணும். இடையில வேற இடத்துக்குக் கொண்டுபோக அவனுக்கு நேரமே இல்ல. இங்கதான் இருக்கணும்!"

"மேடம்." ரேடியோ. முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "அஞ்சு கட்டம்னு சொன்னாங்க. நீங்க நாலுதான் படிச்சீங்க. ஏணியை விட்டுட்டீங்க."

அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கூரைக்குக் கீழே, சுவரை ஒட்டி, ஒரு பரண் அறை. தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டியது. அதற்கு ஒரு கதவு இருந்தது. ஏறுவதற்கு வழி இல்லை. சுவரில் அழுக்குக்கு நடுவே இரண்டு இடங்களில் மட்டும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஏதோ கொக்கி மாட்டி மாட்டிக் கழற்றின தேய்மானம்.

"இருபது வருஷம் லிஃப்ட் குழியில நின்னு மேலயே பார்த்த கழுத்துங்க இது" என்றபடி கம்ப்ரஸருக்குப் பின்னால் புகுந்தான். இரும்பு ஏணியை இழுத்துக்கொண்டு வந்தான்.

முதலில் ஏறியது தங்கை.

அறையில் ஒரு பாய், ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். தொட்டிக் காலோடு கையைச் சேர்த்துக் கட்டி, வாயில் டேப் ஒட்டி உட்காரவைக்கப்பட்டிருந்தாள் அக்கா. வலது கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. முதல் நாளே குதித்துத் தப்பப் பார்த்திருக்கிறாள்.

டேப்பைப் பிரித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மணி என்ன?"

"ரெண்டு இருபது" என்றான் ரேடியோ.

"மூணு மணிக்கு விசாரணை."

"முதல்ல ஆஸ்பத்திரி அக்கா!" தங்கை கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "உன்னைப் போய் நான்... என்னவெல்லாம் எழுதினேன் தெரியுமா? மானத்தை வாங்கறேன்னு... நாசமாப் போன்னு..."

"எல்லாம் படிச்சேன்டி." கட்டு அவிழ்ந்த கையால் தங்கையின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "நீ திட்டினதாலதான் எட்டு நாள் தாங்கினேன். தங்கச்சி திட்டறான்னா என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கான்னு அர்த்தம்ல? நீ திட்டறத நிறுத்தினப்பதான் பயந்தேன். தினமும் கட்டை அவிழ்த்து, போனைக் குடுத்து ஆட வெச்சான். என் தோளுக்கு மேல நின்னுக்கிட்டு, என்னடி இது ஆம்புலன்ஸ், டேங்க் ஓட்டிக்கிட்டிருந்தியேன்னு ஒருநாள் கேட்டான். டேங்க் எல்லாத்தையும் மத்தவங்க எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். நம்பிட்டான். ஆறு வருஷம் ஒரே வீட்ல ஆடியிருக்கேன், ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்ல."

ஸ்டெனோ அவள் எதிரில் முழங்காலிட்டார். "உங்களை எதுக்கு அடைச்சான்? நேரா சொல்லுங்க."

"மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டர் எழுதறது நான். அமோனியா குழாயோட வால்வு கசியுதுன்னு மூணு தடவை எழுதி அவன் மேஜையில வெச்சேன். மூணு தடவையும் கையெழுத்துப் போட்டுட்டு, சீசன் முடியட்டும்னான். நாலாவது வாரம் வெடிச்சுது. ஐஸ் அறுக்கறவரு அதுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டிருந்தாரு." அவள் கண் எரிந்தது வாடையால் மட்டும் இல்லை. "அந்த ரிஜிஸ்டரை என் கண்ணு முன்னாடி அடுப்புல போட்டான். புதுசா ஒண்ணு எழுதி வெச்சிருக்கான். அதுல அந்த வால்வைச் சரியா மூடாம விட்டது செத்துப்போனவரேதான்னு இருக்கு."

ரேடியோ ஏணியின் மேல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "ஏறுங்க. நான் பழைய லிஃப்ட். ஆடும், ஆனா நிக்காது."

மூன்றே முக்காலுக்கு அவர்கள் விசாரணைக் கூடத்துக்கு வந்தபோது மானேஜர் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தான். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஒரு கடிதம்.

"...என் மனைவி மனநிலை சரியில்லாம ஓய்வுல இருக்காங்க. வர முடியாததுக்கு வருத்தம் தெரிவிச்சு, ரிஜிஸ்டர்ல இருக்கறதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

விசாரணை அதிகாரி தலையசைத்துக் கடிதத்தை வாங்கக் கை நீட்டினார். முன்வரிசையில் செத்துப்போன ஐஸ் அறுப்பவரின் மனைவி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாகத் தன் புருஷன் மேல் சுமத்தப்பட்டதைக் கேட்டுக் கேட்டுக் குனிந்துபோன தலை அது.

"அந்தக் கடிதத்தை வாங்காதீங்க" என்றார் ஸ்டெனோ, வாசலிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். மானேஜர் கடைசியாகத்தான் திரும்பினான். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்ற மனைவியைப் பார்த்தான். வாயைச் சுற்றி டேப் ஒட்டிய சிவப்புத் தடம். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ... உன்னை யாரு..." என்று தொடங்கியவன், தான் என்ன கேட்கப் போகிறோம் என்பது புரிந்து பாதியில் நிறுத்தினான். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. பக்கக் கதவை நோக்கி ஓர் அடி எடுத்தான். அங்கே ரேடியோ நின்றிருந்தான்.

"இந்த வழி ரிப்பேர் சார்" என்றான். "இறங்க முடியாது."

அவனுக்குப் பின்னால், ஃபேக்டரி பரணைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்த சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. மானேஜரின் கையைப் பிடித்தார்.

அக்கா தாங்கித் தாங்கி நடந்தாள். முன்வரிசையைக் கடக்கும்போது ஐஸ் அறுப்பவரின் மனைவி தலையை நிமிர்த்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்லம்மா" என்றாள் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மூணு தேதி. மூணும் எனக்கு மனப்பாடம். மூணுலயும் அவன் கையெழுத்து இருந்துச்சு. கசியற சத்தத்தை என்கிட்ட முதல்ல வந்து சொன்னதே உங்க வீட்டுக்காரர்தான்."

அந்தப் பெண் அழவில்லை. எழுந்து நின்றாள். அவ்வளவுதான்.

அதிகாரி அவசரமாகத் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். "கால் வீங்கியிருக்கும்மா. முதல்ல உட்காருங்க, அப்புறம் சொல்லலாம்."

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு, போலீஸ் பிடியில் தலை குனியாமல் முறைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"எட்டு நாளா உட்கார்ந்தேதான் சார் இருந்தேன்" என்றாள். "நின்னே சொல்றேன். எழுதிக்குங்க."